தனியாக ஐந்து நாள், ஒரு கார், ஒரு டென்ட்: ஆனைமலைக் காட்டில் எங்கே படுப்பது?

நொய்யல்கரை (திருப்பூர்) | டிசம்பர் 9, இரவு 11.20

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. வயது 31. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரம் ஐந்து நாள் லீவு சொல்லி வைத்திருக்கிறேன். கூட வருவதாகச் சொன்ன இருவரில் ஒருவனுக்குப் பெண் பார்க்கிறார்கள், இன்னொருவனுக்கு ஷிப்மென்ட். இவர்களை நம்பினால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கிளம்ப முடியும். சரி, தனியாகவே போய்விடலாம் என்று முடிவு.

கையில் இருப்பவை: 2014 மாடல் வேகன் ஆர், ஆன்லைனில் 3,400 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு ஆள் டென்ட், ஒரு சின்ன கேஸ் அடுப்பு, மொட்டைமாடியில் ஒரு ராத்திரி டென்டில் படுத்த அனுபவம். (மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் "பையனோடு ஏதாவது சண்டைங்களா?" என்று விசாரித்தார்.)

பொள்ளாச்சி வழியாக டாப்ஸ்லிப் போவதாக யோசனை. அது இந்திரா காந்தி தேசியப் பூங்கா என்று படித்தேன். அமெரிக்க தேசியப் பூங்கா வீடியோக்களில் காரை நிறுத்தி, பக்கத்திலேயே டென்ட் அடித்து, விறகு மூட்டி, காபி போட்டுக் குடிக்கிறார்களே, அதை நம் காட்டில் செய்ய முடியுமா? எந்த இடத்தில் விடுவார்கள்? தனி ஆள் என்றால் ஏதாவது கேட்பார்களா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "நண்பர்களோடு போகிறேன்" என்று சொல்லிவிடலாமா என்றும் ஓர் எண்ணம்.


பவானிக்கூடல் (ஈரோடு) | டிசம்பர் 9, இரவு 11.41

டென்ட் நல்ல யோசனைதான் நண்பரே. யானை மிதித்த பிறகு சுருட்டி எடுத்துவர வசதி.


அமராவதி வாய்க்கால் (உடுமலை) | டிசம்பர் 10, காலை 6.05

மேலே இருப்பவர் கிண்டல் செய்தாலும் விஷயம் அதுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அந்தக் காட்டில் மூன்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருக்கின்றன. 1976இல் வனவிலங்கு சரணாலயம். அதற்குள் கரியன்சோலை, கிராஸ் ஹில்ஸ், மஞ்சம்பட்டி என்று மூன்று துண்டுகளை மட்டும் 1989இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். மூன்றும் சேர்ந்து 117 சதுர கிலோமீட்டர்தான். 2007இல் எல்லாவற்றையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆக, நீங்கள் போகிற இடம் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி. அங்கே சொந்த டென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டால் சிரிப்பார்கள். கேட்காமல் போட்டால் வழக்கு.

படுக்க இரண்டு வழிகள்தான். ஒன்று, டாப்ஸ்லிப்பில் வனத்துறையின் தங்கும் விடுதிகள். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். நேரில் போய் ரூம் இருக்குதுங்களா என்று கேட்கிற கதை நடக்காது. இரண்டாவது, டாப்ஸ்லிப் தாண்டிப் போனால் பரம்பிக்குளம். அது கேரள வனத்துறை. கேரளத்தின் காடாக இருந்தாலும் காரில் போக நம் பொள்ளாச்சி, சேத்துமடை வழிதான். அங்கே ஆனப்பாடியில் வனத்துறையே நிரந்தரமாக டென்ட் அடித்து வைத்திருக்கிறது. கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. டென்ட்டில் தூங்க வேண்டும் என்ற ஆசை அங்கே தீரும். உங்கள் 3,400 ரூபாய் டென்ட் டிக்கியிலேயே தூங்கும்.

விறகு மூட்டுவதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்ல, நம் ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன.

என் அப்பா ஆனைமலைக் காட்டில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வது: "அஞ்சரைக்கு மேல காட்டுல நமக்கு வேலையில்ல சாமி. அப்புறம் அதுங்களோட ஷிப்ட்."


அவிநாசி வக்கீல் | டிசம்பர் 10, காலை 9.30

சட்டப்படி சொன்னால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பிரிவு 27: சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது, தங்குவது கூடாது. பிரிவு 30: தீ வைப்பது கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இவை பொருந்தும். "சும்மா நூடுல்ஸ்தான் போட்டேன்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.


பெருந்துறை டு கலிஃபோர்னியா | டிசம்பர் 10, காலை 11.12

நான் இப்போது இருப்பது சான் ஹோசே பக்கம். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை தனியாக. வீடியோவில் காட்டாததைச் சொல்கிறேன்.

அங்கேயும் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. எண் போட்ட இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் முக்கியம். சாப்பாடு, பற்பசை, சோப்பு, லிப் பாம் வரை வாசனை உள்ள எதையும் அதில் வைத்துப் பூட்ட வேண்டும். காரில் வைத்தால் கருங்கரடி கதவைப் பிய்த்துவிடும், அபராதமும் கட்ட வேண்டும். கோடைக்கால இடங்களைப் பல மாதங்கள் முன்னால் இணையத்தில் திறப்பார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்தால் ஏழு மணி ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். நம் தட்கல்தான், ஆங்கிலத்தில். முகாமை விட்டு உள்காட்டில் தங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டு, உணவு வைக்கக் கரடி உடைக்க முடியாத டப்பா.

இன்னொரு வித்தியாசம். அங்கே பூங்காவுக்குள் சாலை, முகாம், கடை எல்லாம் மனிதனுக்கென்று முன்பே ஒதுக்கியிருக்கிறார்கள். யானை அங்கே கிடையாது. கரடிக்கு வேண்டியது உங்கள் சாப்பாடு. யானைக்கு வேண்டியது நீங்கள் டென்ட் போட்டிருக்கிற பாதை.


கோவை தனிவண்டி | டிசம்பர் 10, மதியம் 2.50

தனியாகக் கார் எடுத்துக்கொண்டு சுற்றுகிற பெண் நான், ஏழு வருஷமாக. தம்பி கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன், ஏனென்றால் "சொந்த டென்ட் கூடாது" என்று தெரிந்ததும் அடுத்து எல்லாரும் போகிற இடம் அதுதான்: தனியார் "ஜங்கிள் கேம்ப்".

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தேயிலைத் தோட்ட ஓரத்தில் அப்படி ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். படத்தில் ஒரே ஒரு டென்ட், பின்னால் பனிமூட்டம். போய்ப் பார்த்தால் பதினான்கு டென்ட்கள் கயிறோடு கயிறு உரச நிற்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கழிவறைகள். ராத்திரி பதினொன்றரை வரை ஸ்பீக்கர். அதெல்லாம் போகட்டும். சாப்பிட்ட எலும்பு, பிரியாணி மிச்சம் எல்லாவற்றையும் வேலி ஓரம் ஒரு குழியில் கொட்டியிருந்தார்கள். அந்தக் குழிக்கும் என் டென்ட்டுக்கும் இருபது அடி இருந்தால் அதிகம். ஒரு மணிக்குக் காட்டுப்பன்றிகள் வந்தன. டென்ட் துணி என்பது மூச்சுச் சத்தத்தைக்கூடத் தடுக்காது, தெரியுமா? துணிக்கு அந்தப் பக்கம் எலும்பு கடிபடுகிறது, இந்தப் பக்கம் நான் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவை நகர்ந்ததும் காருக்கு ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை அதிலேயே கிடந்தேன்.

எனக்கு வந்தது பன்றி. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் ஒரு ரிசார்ட் டென்ட்டில் தங்கிய ஆசிரியை யானை தாக்கி இறந்துபோனார். அதனால் தனியார் டென்ட் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ராத்திரி காவலுக்கு யார் இருக்கிறார்கள், குப்பை எங்கே போகிறது, உரிமம் இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்குப் பேச்சை மாற்றினால் போனை வைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். இதை நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்லி அறிவுரையாகச் சொல்லவில்லை. தனியாகப் போகிறவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்று ஊரில் ஒருவருக்குத் தெரிவது. நண்பர்கள் கூட இருக்கிறார்கள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தால், போன் எடுக்காதபோது இரண்டு நாள் கழித்துத்தான் தேடுவார். நான் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவேன்: நாள், வழி, தங்குமிடம், அங்கத்திய போன் நம்பர், "இத்தனை மணிக்குள் கூப்பிடவில்லை என்றால் இவரைக் கூப்பிடு".


நொய்யல்கரை | டிசம்பர் 10, இரவு 10.02

அக்கா, பன்றிக் கதையைப் படித்துவிட்டு டென்ட்டை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற யோசனை நல்லா இருக்கு. ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தினமும் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

வாய்க்கால் அண்ணா, டாப்ஸ்லிப்பிலிருந்து அப்படியே வால்பாறை போய்விடலாம் என்று நினைத்தேன். மேப்பில் பக்கத்தில்தானே இருக்கிறது?


அமராவதி வாய்க்கால் | டிசம்பர் 11, காலை 5.50

மேப்பில் பக்கம். காக்கைக்கும் பக்கம். நமக்கு அந்தக் காட்டுக்குள் பொதுவழி இல்லை. டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் போனவர்கள் அதே வழியில் சேத்துமடைக்கு இறங்கி, ஆழியாறு வந்து, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வால்பாறை போக வேண்டும். வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வேண்டும், அதை வீட்டில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பையும் பொள்ளாச்சியிலேயே போனில் இறக்கி வையுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது.


பவானிக்கூடல் | டிசம்பர் 11, காலை 8.15

கார் வைத்திருப்பதால் தப்பித்தீர்கள். நான் புல்லட்டில் போய் சேத்துமடையில் திரும்பியவன். பைக்கை மேலே விடுவதில்லை. அப்படியே திம்பம் போயிருக்கலாம், 27 வளைவுகள், எங்கள் ஊர்ப் பக்கம். ராத்திரிக் கட்டுப்பாடு 2022இலிருந்து இருக்கிறது, பகலில் போங்கள்.


நாமக்கல் ஆறு சக்கரம் | டிசம்பர் 11, மாலை 4.40

யாருமே வண்டியைப் பற்றிப் பேசவில்லையே! லாரி ஓட்டி, லாரி வாங்கி, இப்போது லாரி ஓட்டுபவர்களோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். கேட்டுக்கொள்ளுங்க தம்பி.

மலையில் வண்டி ஏறாமல் நிற்பதைவிட இறங்கும்போது நிற்காமல் போவதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகன் ஆருக்கு இரண்டாவது கியர். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பேன் என்கிற ஆளோடு நான் பேசுவதே இல்லை. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறி, மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகிய வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் இளநீர் குடியுங்கள். தண்ணீரை வீலில் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

ஏறி வருகிற வண்டிக்கு வழி. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன். காட்டுக்குள் மட்டும் ஹார்ன் கிடையாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்து நின்ற பத்துக் கார்க்காரர்களில் ஏழு பேருக்கு ஸ்டெப்னியிலும் காற்று இருக்காது. ஜாக்கியை வீட்டு வாசலில் ஒரு முறை போட்டு, சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இருட்டில், மழையில், தனியாக, முதல் முறை என்றால் அழுகை வரும்.


வேட்டைக்காரன்புதூர் தோப்பு | டிசம்பர் 11, இரவு 8.30

தம்பி, டாப்ஸ்லிப் போகிற வழியில்தான் நம்ம தோப்பு. சொந்த டென்ட்டில் படுக்காமல் விடமாட்டேன் என்றால் இங்கே வந்து போட்டுக்கொள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் ஓரம், கிணறு இருக்கிறது, நாய் இரண்டு இருக்கிறது. தென்னை மரத்துக்கு நேர்கீழே மட்டும் போடாதே. யானை மிதித்து ஒருத்தன் செத்தான் என்றால் பேப்பரில் வரும். மட்டை விழுந்து செத்தால் பேப்பரில்கூட வராது.

காட்டைப் பற்றி இத்தனை பேர் சொல்லிவிட்டார்கள், தண்ணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பரம்பிக்குளம் போனால் மானையும் மயிலையும் மட்டும் பார்த்துவிட்டு வராதே. (மயில் பார்க்கக் காட்டுக்கே போக வேண்டாம், என் கடலைச் செடியைத் தின்கிறவற்றை ஓட்டிப் பிடித்துக்கொண்டு போ.) அங்கே இருக்கிற அணைகள்தான் பொள்ளாச்சியிலிருந்து காங்கேயம் வரைக்கும் நமக்குத் தண்ணி. பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, அங்கிருந்து சுரங்கத்தில் இறங்கி சர்க்கார்பதி மின்நிலையம், அப்புறம் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை. இரண்டு மாநிலமும் 1970 மே 29இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். நிலம் அவர்களுடையது, அணையைப் பராமரிப்பது நாம். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் நடு மதகு ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனபோது எங்கள் ஊரில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஷட்டரைப் பார்த்துவிட்டு வா, எப்படி இருக்கிறது என்று சொல்.


சத்தி மேற்கு | டிசம்பர் 12, காலை 7.20

எல்லாரும் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் வேறு கேட்கிறேன். அவசியம் போகத்தான் வேண்டுமா? சின்னத்தம்பி யானையை 2019இல் தடாகத்திலிருந்து பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் விட்டார்கள். அது நடந்தே உடுமலை கிருஷ்ணாபுரம் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றது, மறுபடியும் பிடித்துக் கும்கி ஆக்கினார்கள். இடமில்லாமல் அலைகிற உயிர்களின் இடத்துக்குள் நாம் "மன அமைதி" தேடிப் போகிறோம்.


கோவை தனிவண்டி | டிசம்பர் 12, காலை 9.05

கேள்வி நியாயம். ஆனால் போகாதவர்களால்தான் காடு பிழைக்கிறது என்று நான் நம்பவில்லை. பரம்பிக்குளத்தில் வழிகாட்டுபவர்கள் அங்கேயே வாழ்கிற காடர், மலசர் மக்கள். நான் கட்டுகிற பணத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு சம்பளமாகப் போகிறது. தேயிலை ஓரத்தில் எலும்புக் குழி தோண்டுபவருக்குப் போவதைவிட இது மேல் இல்லையா?


சத்தி மேற்கு | டிசம்பர் 12, காலை 9.40

ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கர் கொண்டுபோகாதவரை.


பவானிக்கூடல் | டிசம்பர் 12, மதியம் 1.10

முக்கியமான சந்தேகம். ரோட்டில் யானை நின்றால் என்ஜினை அணைக்க வேண்டும் என்கிறான் என் நண்பன். அணைக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். எது சரி?


நாமக்கல் ஆறு சக்கரம் | டிசம்பர் 12, மதியம் 1.32

அணைக்கிறவன் முட்டாள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?


அமராவதி வாய்க்கால் | டிசம்பர் 12, மாலை 6.15

அப்பாவிடமே கேட்டேன். என்ஜின் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. "எவ்வளவு தூரத்துல நிறுத்துன?" என்றுதான் கேட்டார். தூரத்தில் நிறுத்தினால் ஓடட்டும், ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. ஹார்ன் கூடாது, இருட்டில் ஹைபீம் கூடாது, இறங்கிப் படம் எடுக்கக் கூடவே கூடாது. முன்னால் நெருக்கிப் போய் வழி கேட்கக் கூடாது. பின்னால் போக இடம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். குட்டி இருந்தால் தூரம் இரண்டு மடங்கு. ஒன்று ரோட்டைத் தாண்டிவிட்டது என்று உடனே கிளம்பக் கூடாது, பின்னாலேயே மற்றவை வரும். அவர் சொன்ன கடைசி வார்த்தை: "அவசரம்னா மலைக்கு எதுக்கு வர்ற?"


நொய்யல்கரை | டிசம்பர் 20, இரவு 11.50

பதிவு முடிந்தது. திங்கள் டாப்ஸ்லிப் விடுதி, செவ்வாய் ஆனப்பாடி டென்ட், புதன் வியாழன் வால்பாறையில் ஓர் எஸ்டேட் வீடு, வெள்ளி வீடு. தனி ஆள் என்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டென்ட்டுக்கு வாடகை என்றால் பாதி டென்ட்டுக்குத் தரமாட்டார்கள் என்பது மட்டும் வலித்தது. வனத்துறையின் மலையேற்றப் பட்டியலில் டாப்ஸ்லிப் - பண்டாரவரை பாதை இருப்பதைப் பார்த்தேன், செவ்வாய் காலைக்குப் பதிந்துவிட்டேன். 2025இல் தீ அபாயத்துக்காக பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடியிருந்தார்கள், ஜனவரி என்பதால் பிழைத்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நிபந்தனைகள். போகிற வழியில் ஆனைமலை மாசாணியம்மனைக் கும்பிட வேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். இரண்டாவதை நான் ஏன் மறுக்கப் போகிறேன்?


நொய்யல்கரை | ஜனவரி 25, மாலை 5.30

போய்விட்டு முழுசாக வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே சொதப்பல். காலை எட்டுக்குக் கிளம்ப வேண்டியவன், ஒரு லாட் அளவு தவறிவிட்டது என்று கம்பெனியில் பிடித்துக்கொண்டார்கள். பல்லடம் தாண்டும்போது மணி மூன்றரை. மாசாணியம்மன் கோயிலில் கூட்டம். கும்பிடாமல் போகலாம்தான், ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதுவும் மிளகாய் அரைத்துப் பூசுகிற அம்மனிடம். சேத்துமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கே மலை கறுத்துவிட்டது. கேட் மூடியாயிற்று. பதிவுச் சீட்டைக் காட்டினேன். காவலர் கோபப்படவில்லை. "காலையில வாங்க, ரூம் எங்கயும் போகாது" என்றார். ரூம் போகவில்லை, ஒரு ராத்திரி வாடகை போனது.

அப்போதுதான் தோப்பு அண்ணன் ஞாபகம் வந்தது. போன் செய்தேன். "டென்ட் இருக்குதா?" என்றார். இருந்தது. பரண்மேலிருந்து எடுத்து டிக்கியில் வைத்தது அம்மா, எனக்கே தெரியாது.

ஆக, மொட்டைமாடியை விட்டு வெளியே வந்த என் டென்ட்டின் முதல் ராத்திரி வேட்டைக்காரன்புதூரில் ஒரு தென்னந்தோப்பில். அண்ணன் டார்ச் அடித்து ஒவ்வொரு மரமாக மேலே பார்த்து, காய் வெட்டி முடித்த நாலு மரங்களுக்கு நடுவில் கோடு கிழித்துக் கொடுத்தார். வாடல் நோயில் தலை போன இரண்டு மரங்கள் பக்கத்தில் கரிக்கட்டையாக நின்றன, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கட்டுச்சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டோம். புளிச்சோறும் எள்ளுப்பொடியும். ராத்திரி முழுக்க வாய்க்கால் தண்ணி ஓடுகிற சத்தம். விடிகாலை டென்ட்டின் உள்கூரையில் என் மூச்சே பனியாகி நெற்றியில் சொட்டியது. எழுந்து ஜிப்பைத் திறந்தால் இரண்டு நாய்களும் வாசலில் படுத்திருக்கின்றன, என் செருப்பில் ஒன்றைக் காணோம்.

செவ்வாய் காலை கேட் திறந்ததும் முதல் வண்டி நான். பண்டாரவரை ஏறி இறங்கியதில் முழங்கால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன்: இருவாச்சி பறக்கும்போது வருகிற சத்தம் எங்கள் அயர்னிங் செக்ஷனில் ஸ்டீம் விடுகிற சத்தமேதான். தலைக்கு மேல் "புஸ்... புஸ்..." என்று கேட்டதும் நான் தேடியது பாய்லரை. கூட வந்த வழிகாட்டி சிரித்துவிட்டார்.

டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் கல்லறையையும் பார்த்தேன். கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டே நடந்த வெள்ளைக்காரர் என்று சொல்வார்களே, அவர்தான். சுற்றிலும் அவருடைய தேக்குகள்.

இனி யானை. டாப்ஸ்லிப்பிலிருந்து ஆனப்பாடி போகும் வழி, மாலை நாலரை. வளைவு திரும்பினால் இடதுபக்க மூங்கிலில் ஒரு பெண் யானை, அதன் காலுக்குள் குட்டி. அறுபது எழுபது அடி இருக்கும். நிறுத்தினேன். வாய்க்கால் அண்ணனின் அப்பா சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ரிவர்ஸ் போடப் போன கை நடுக்கத்தில் வேறு எதையோ தட்டிவிட்டது. வைப்பர் ஓட ஆரம்பித்தது. காய்ந்த கண்ணாடியில் கிரீச், கிரீச். அந்தக் காடு முழுக்க என் வைப்பர் ஒன்றுதான் கத்திக்கொண்டிருக்கிறது. எப்படி நிறுத்துவது என்பது மறந்தே போயிற்று. பத்து வருஷமாக என்னிடம் இருக்கிற வண்டி! யானை காதை விரித்து அப்படியே நின்றது. வைப்பர் நின்ற பிறகும் விரித்த காது மடங்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக மாட்டுத் தொழுவ வாசமும் மூங்கில் முறித்த பச்சை வாசமும் சேர்ந்து வந்தன. மெதுவாகப் பின்னால் எடுத்து வளைவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டேன். பதினோரு நிமிஷம். அதற்குள் இன்னும் மூன்று தாண்டிப் போயின. ஒன்று போனதும் கிளம்பியிருந்தால் நடுவில் மாட்டியிருப்பேன்.

பரம்பிக்குள டென்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வசதியான கட்டில். வெளியே டார்ச் அடித்தால் புள்ளிமான் கண்கள், எங்கள் ஊர் மேம்பாலத்து ரிஃப்ளெக்டர் மாதிரி. சொல்லப்போனால் தோப்பில் வந்த தூக்கம் அங்கே வரவில்லை. கன்னிமரா தேக்கு பார்த்தேன், சுமார் ஏழு மீட்டர் சுற்றளவு, பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நான் எறும்பு. தோப்பு அண்ணா, ஷட்டர் புதுசாக, திடமாக இருக்கிறது. நான் பார்த்த அளவில்.

வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் சுவர்மேல் வரையாடு ஒன்று என் எள்ளுருண்டைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொடுக்கவில்லை. கொடுத்துப் பழக்கியதால்தான் அது ரோட்டுக்கு வந்து நிற்கிறது. வெள்ளி இறங்கும்போது இரண்டாவது கியர், நாமக்கல் அண்ணா சொன்னபடி. பின்னால் வந்த ஒருவர் ஹார்ன் அடித்தே தீர்த்தார். பன்னிரண்டாவது வளைவில் அவர் வண்டி ஓரமாக நின்றது, முன்சக்கரத்தில் புகை. அவர் தண்ணீர் பாட்டிலோடு குனிந்ததைப் பார்த்து நிறுத்தி "ஊத்தாதீங்க" என்று கத்தினேன். அதற்குள் ஊற்றிவிட்டார்.

ஆழியாற்றில் மீன் வறுவல் சாப்பிட்டேன். மொத்தம் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பெட்ரோல் 2,700 ரூபாய், நாய்க்குப் போன செருப்பு 450.


வேட்டைக்காரன்புதூர் தோப்பு | ஜனவரி 25, இரவு 7.10

செருப்பு கிடைத்துவிட்டது. கிணற்றடியில். வாரைக் காணோம்.


நாமக்கல் ஆறு சக்கரம் | ஜனவரி 25, இரவு 7.45

டிஸ்க் கோணியிருக்கும். பாவம்.


கோவை தனிவண்டி | ஜனவரி 25, இரவு 9.00

திங்கள் ராத்திரி கேட் மூடியதும் ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னீர்களா? தாளில் டாப்ஸ்லிப் என்றுதானே எழுதியிருப்பீர்கள்?


நொய்யல்கரை | ஜனவரி 25, இரவு 9.20

சொன்னேன் அக்கா. நான் சொல்வதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் என் தம்பிக்குப் போன் செய்து "இன்னும் கூப்பிடலையாமே" என்று கேட்டிருக்கிறார். தாளைப் படித்துவிட்டார்.


சத்தி மேற்கு | ஜனவரி 26, காலை 6.30

டென்ட்டை விற்கிறீர்களா? பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.


நொய்யல்கரை | ஜனவரி 26, காலை 8.05

அம்மா தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறார், தாராபுரம் வழி. டென்ட்டை அவர் எடுத்துக்கொண்டார். ராத்திரி எங்கே போட விடுவார்கள் என்று யாருக்காவது தெரியுமா?